உயிர்மச் சான்றுச் செலவு: பி.கே.வி.ஒய் குழுவா, மாநிலத் துறையில் தனிப் பதிவா?

தமிழ்நாட்டில் ஐந்து ஏக்கருக்குள் பயிரிடும் ஒருவருக்கு உயிர்ம (ஆர்கானிக்) சான்றுச் செலவில் அரசு இரண்டு வழிகளில் கைகொடுக்கிறது. ஒன்று, பரம்பராகத் கிரிஷி விகாஸ் யோஜனா (பி.கே.வி.ஒய்) என்ற மத்தியத் திட்டத்தின் குழுவில் சேர்ந்து, விவசாயிகளே ஒருவரையொருவர் சரிபார்த்துக்கொள்ளும் பி.ஜி.எஸ் சான்று பெறுவது. மற்றொன்று, கோவையைத் தலைமையிடமாகக் கொண்ட மாநில விதைச்சான்று மற்றும் உயிர்மச் சான்றளிப்புத் துறையில் குறைந்த கட்டணத்தில் தனியாகப் பதிந்து, தேசிய உயிர்ம உற்பத்தித் திட்டத்தின் என்.பி.ஓ.பி சான்று பெறுவது. நெல்லோ சிறுதானியமோ விளைவித்து வியாபாரிக்கோ ஆலைக்கோ விற்பவருக்கு இரண்டாவதுதான் சரி என்பது என் கணிப்பு.

கையில் வரும் பணத்தைப் பார்த்தால் முதல் வழிதான் மேல். ஹெக்டேருக்கு மூன்று ஆண்டுகளுக்கு 31,500 ரூபாய் ஒதுக்கீடு. அதில் இடுபொருளுக்கான 15,000 விவசாயியின் வங்கிக் கணக்குக்கு வரும். சான்றுக்கும் எச்ச நஞ்சுப் பரிசோதனைக்கும் 3,000 தனியே இருக்கிறது. அது கைக்கு வராது, வேலையை நடத்தும் அமைப்பின் வழியாகச் செலவாகும். ஒருவருக்கு 2 ஹெக்டேர் வரைதான் உதவி. ஏறத்தாழ 20 ஹெக்டேர் தொகுப்பாகச் சேர வேண்டும் என்பதால் வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தில் இடம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

தனிப் பதிவுக்குச் சிறு, குறு விவசாயிக்கு ஆண்டுக்கு 2,700 ரூபாய், மற்றவர்களுக்கு 3,200 என்ற அளவில் கட்டணம் இருந்துவருகிறது. கட்டும் முன் மாவட்ட அலுவலகத்தில் நடப்புத் தொகையைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஐந்து ஏக்கருக்கு மூன்று ஆண்டில் 8,100. அதாவது ஏக்கருக்கு ஆண்டுக்கு 540 ரூபாய். இந்தத் தொகையை மிச்சம் பிடிக்கவேண்டும் என்பதற்காக மட்டும் குழுவில் சேர்வது வீண்.

ஏனென்றால், நெல் கைமாறும்போது சான்றும் கூடவே போகிறதா என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. பி.ஜி.எஸ் உத்தரவாதம் சரக்கு குழுவின் பொறுப்பில் இருக்கும் வரைதான். குழுவே அரைத்து, பொட்டலம் போட்டு, முத்திரையிட்டு விற்றால் செல்லும். மூட்டையாக வியாபாரிக்குப் போட்டால் அத்தோடு சங்கிலி அறுந்துவிடும். அவர் அதைச் சான்று பெற்ற அரிசி என்று விற்க முடியாது, ஆகவே கூடுதல் விலை தரவும் அவருக்குக் காரணம் இல்லை. ஏற்றுமதிக்கும் பி.ஜி.எஸ் செல்லாது. என்.பி.ஓ.பியில் ஒவ்வொரு விற்பனைக்கும் டிரேஸ்நெட் என்ற இணையதளம் வழியாக, விற்ற சரக்கோடு போகும் பரிவர்த்தனைச் சான்று வாங்கலாம். சரக்கு எத்தனை கை மாறினாலும், வாங்குகிறவர்களும் சான்று வளையத்துக்குள் இருந்தால், அடையாளம் தொடரும்.

அந்தப் பரிவர்த்தனைச் சான்று தடைபட்டு நிற்பது பெரும்பாலும் துறையிடம் கொடுக்கும் ஆண்டுப் பயிர்த்திட்டத்தால்தான். அதில் எழுதாத பயிர் சான்றில் ஏறாது. வரப்புத் துவரை, நெல் தரிசு உளுந்து எல்லாவற்றையும் பரப்போடு எழுதுங்கள். மகசூல் மதிப்பீட்டைப் பயந்து குறைத்துப் போட்டால், மேலே விளைந்த மூட்டைகளுக்குச் சான்று கேட்கும்போது கேள்வி வரும்.

விண்ணப்பத்தோடு பண்ணை வரைபடம், மண், பாசன நீர்ப் பரிசோதனை அறிக்கை, நில ஆவணம், ஆதார், பான் நகல், புகைப்படம், துறையோடு செய்யும் ஒப்பந்தம் ஆகியவை வேண்டும். பட்டா அப்பா பெயரிலோ கூட்டாகவோ இருந்தால் ஒப்புதல் கடிதமோ குத்தகை ஒப்பந்தமோ முன்பே எழுதி வையுங்கள். கோப்பு நிற்பது அங்கேதான். வரைபடத்தில் பக்கத்து வயலில் மருந்தடிக்கும் திசை, அங்கிருந்து தண்ணீர் வடியும் வாய்மடை, இரு வயலுக்கும் நடுவே விடும் இடைவெளிப் பகுதி மூன்றும் தெரியவேண்டும். வேளாண் டிப்போவில் வாங்கும் விதையில் பூஞ்சாணக்கொல்லி பூசியிருக்கலாம். பூசாத விதையைக் கேட்டு வாங்கி, ரசீதைப் பண்ணைக் குறிப்பேட்டில் ஒட்டுங்கள். வாடகை அறுவடை இயந்திரத்தை வயலில் இறக்கும் முன் சுத்தம் செய்ததையும் தேதியோடு எழுதுங்கள்.

பி.ஜி.எஸ் குழுவுக்குக் குறைந்தது ஐந்து பேர் வேண்டும்; ஒருவர் வயலை மற்றவர் பார்த்து ஒப்பமிட வேண்டும். ஒருவர் யூரியா போட்டதை மற்றவர்கள் கண்டும் காணாமல் விட்டால் குழுவின் பெயரே போகும். மூன்றாண்டுப் பணம் நின்றபின் கூட்டம் போட ஆள் வருமா என்பது ஊருக்கு ஊர் மாறும். எல்லாக் குழுவும் கலைந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. காய்கறியும் கீரையும் போட்டு, பக்கத்து நகரத்துக் குடும்பங்களுக்கு நேரே கொடுக்கும் ஒற்றுமையான குழுவுக்கு அதுவே போதும், இடுபொருள் பணமும் லாபம்.

எந்த வழியானாலும் தாமதிக்கக் கூடாது. என்.பி.ஓ.பியில் ஓராண்டுப் பயிருக்கு விதைப்புக்கு முன் 24 மாதமும், தென்னை, மா போன்றவற்றுக்கு முதல் அறுவடைக்கு முன் 36 மாதமும் மாற்றுக்காலம், அதாவது நிலம் ரசாயனத்திலிருந்து உயிர்ம முறைக்கு மாறும் காலம். பத்து வருடம் ரசாயனம் தொடாத நிலமானாலும் கணக்கு பொதுவாகப் பதிவிலிருந்துதான் ஓடும். சம்பா விதைக்கிறவர் சித்திரையிலேயே மண் மாதிரி எடுத்துவிட்டால், பரிசோதனை அறிக்கை கையில் வந்து, ஆடிக்குள் பதிவும் முடியும்.