குமரி வானத்துக்கு எந்த இணையதளம்? வானியல் கற்கும் வழிகள் குறித்த ஓர் ஒப்பீடு

வானியலையும் விண்வெளிப் பயணங்களையும் இணையத்தில் கற்க விரும்புகிறவருக்கு இன்று தட்டுப்பாடு ஏதுமில்லை. எதை முதலில் திறப்பது என்பதுதான் சிக்கல். பரிந்துரைப் பட்டியல்கள் பெரும்பாலும் படங்களின் அழகையோ நிறுவனத்தின் பெயரையோ வைத்தே தளங்களை வரிசைப்படுத்துகின்றன. இந்த அலசலுக்கு நான் எடுத்துக்கொண்ட அளவுகோல் வேறு. நாகர்கோவிலிலோ குளச்சலிலோ குலசேகரத்திலோ இருக்கும் ஒரு மாணவருடைய தலைக்கு மேலுள்ள வானத்தை அந்தத் தளம் காட்டுகிறதா, அதில் படித்ததை அவர் அன்றிரவே மொட்டைமாடிக்குப் போய்ச் சரிபார்த்துக்கொள்ள முடிகிறதா என்பதே அது.

இந்த அளவுகோலுக்குக் காரணம் நம் மாவட்டம் அமைந்திருக்கும் இடம். கன்னியாகுமரி ஏறத்தாழ 8 பாகை வட அகலாங்கில் இருக்கிறது. அமெரிக்க, ஐரோப்பிய வானியல் இதழ்களும் நிறுவனங்களும் இணையத்தில் வெளியிடும் வார, மாத வழிகாட்டிகளோ பெரும்பாலும் 40 பாகையை ஒட்டி வாழ்கிறவர்களுக்காக எழுதப்பட்டவை. முதலில் துருவ விண்மீனைக் கண்டுபிடி, அதிலிருந்து மற்றவற்றுக்குப் போ என்று அவை தொடங்குகின்றன. நமக்குத் துருவ விண்மீன் தொடுவானிலிருந்து 8 பாகை உயரத்தில்தான் நிற்கிறது. வடக்கே மேற்குத்தொடர்ச்சி மலை மறைக்கும் ஊர்களில் அது கண்ணில் படுவதே அரிது. சப்தரிஷி மண்டலம் ஆண்டு முழுவதும் மறையாது என்று அங்கே படிக்கிற மாணவர், இங்கே அது உதித்து மறைவதைக் கண்டு குழம்புவார். மாறாக, ஏப்ரல், மே மாதங்களில் இரவு ஒன்பது, பத்து மணியளவில் தெற்கே கடலுக்கு மேல் சுமார் 20 பாகை உயரத்தில் நிற்கும் தென்சிலுவையை அந்த வழிகாட்டிகள் சொல்வதே இல்லை, ஏனென்றால் அது ஐரோப்பாவில் எங்குமே உதிப்பதில்லை. அகத்தியர் விண்மீன் (கனோபஸ்) இங்கே ஏறத்தாழ 29 பாகை உயரம் வரை ஏறி, பிப்ரவரி இரவுகளில் பளிச்சென்று நிற்கிறது. அதுவும் அவற்றில் இடம் பெறுவது அரிது. புதன் கோளைக் காண்பது மிகக் கடினம் என்ற எச்சரிக்கையும் அப்படித்தான். சூரியப் பாதை தொடுவானத்துக்கு ஏறக்குறைய செங்குத்தாக நிற்கும் நம் பகுதியில் புதன் அவ்வளவு எளிதில் அந்திவெளிச்சத்துக்குள் அமிழ்ந்துவிடுவதில்லை. ஆகவே இந்த வழிகாட்டிகளை, எவ்வளவு அழகாக எழுதப்பட்டிருந்தாலும், தொடக்க நிலையில் இருப்பவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அவற்றுக்கு எதிரே நிற்பவை, இடத்தைக் கேட்டு வானத்தை வரைந்து தரும் மென்பொருள்கள். இவற்றில் ஸ்டெல்லேரியம்தான் என் முதல் தேர்வு. இது இலவசமானது, திறமூல மென்பொருள், கணினியில் ஒருமுறை நிறுவிவிட்டால் இணைய இணைப்பு இல்லாமலும் இயங்கும்; பேச்சிப்பாறை, கோதையாறு போன்ற மலைப்பகுதிப் பள்ளிகளுக்கு இந்தக் கடைசித் தன்மை பெரிய உதவி. ஒரே ஒரு கவனம் தேவை. இணைப்பை வைத்து அது தானாகவே இடத்தைக் கணிக்கும்போது சில நேரம் வேறு நகரத்தை எடுத்துக்கொள்ளும். சென்னை என்று எடுத்துக்கொண்டால் தென்திசை விண்மீன்கள் எல்லாம் 5 பாகை தாழ்ந்து தெரியும், தென்சிலுவையைத் தேடுகிறவருக்கு அது சிறிய பிழையன்று. எனவே 8.2 பாகை வடக்கு, 77.4 பாகை கிழக்கு என்று கையால் பதிவு செய்துவிடுவது நல்லது. உலாவியிலேயே திறக்கும் இதன் இணையப் பதிப்பு வசதியானதுதான், ஆனால் ஆண்டுகளை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்க்கவும், கிரகணங்களையும் கோள்களின் சந்திப்புகளையும் ஆராயவும் கணினிப் பதிப்பே ஏற்றது.

கைபேசியை வானத்தை நோக்கிப் பிடித்தால் பெயர் சொல்லும் ஸ்கை மேப் போன்ற செயலிகள் ஸ்டெல்லேரியத்தைவிட எளியவை. கைபேசியின் திசைகாட்டியை நம்பி இயங்குவதால், இரும்புக் கம்பிகள் நிறைந்த கட்டடத்தின் மேல் நின்று பார்க்கும்போது அவை திசை மாறிக் காட்டக்கூடும். தெரிந்த ஒரு விண்மீனை வைத்துச் சரிபார்த்த பிறகே அவற்றை நம்ப வேண்டும். விண்வெளி நிலையம் எப்போது நம் ஊருக்கு மேலே கடக்கும் என்பதை அறிய ஹெவன்ஸ் அபோவ் தளம் போதும். இடத்தைக் குறித்துவிட்டால் நேரம், திசை, உயரம், ஒளி அளவு எல்லாவற்றையும் தந்துவிடுகிறது.

கிரகணங்களில் இடம் எவ்வளவு முக்கியம் என்பதைக் குமரி மாவட்டத்தார் இரண்டு முறை கண்டிருக்கிறார்கள். 2010 ஜனவரி 15 அன்று கங்கணச் சூரிய கிரகணத்தின், அதாவது சூரியன் வளையமாகத் தெரியும் கிரகணத்தின், பாதை கன்னியாகுமரி வழியாகவே சென்றது. இந்த ஆயிரமாண்டிலேயே மிக நீளமான கங்கண கிரகணம் அது, இந்தியப் பெருங்கடலில் அதன் உச்சம் 11 நிமிடங்களைத் தாண்டியது. 2019 டிசம்பர் 26 அன்றோ வளையம் கோயம்புத்தூர், திண்டுக்கல், புதுக்கோட்டை வழியே போயிற்று, நமக்குப் பகுதி கிரகணம் மட்டுமே கிடைத்தது. ‘தமிழகத்தில் தெரியும்’ என்ற செய்தி ஒரு மாணவருக்குப் போதாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. பிரெட் எஸ்பெனாக் கணித்து நாசா தளத்தில் வெளியான கிரகணப் பக்கங்கள் பாதையின் வரைபடத்தையும் கணக்குகளையும் விரிவாகத் தருகின்றன; நேரம் மட்டும் உலகப் பொது நேரத்தில் இருக்கும், ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். டைம் அண்ட் டேட் தளம் நகரத்தின் பெயரைக் கொடுத்தாலே இந்திய நேரத்தில் சொல்லிவிடும், ஆனால் ஏன், எப்படி என்பதை அறிய எஸ்பெனாக்கின் பக்கங்களுக்கே வர வேண்டும். 2031 மே 21 அன்று வரும் கங்கண கிரகணத்தின் பாதை தென்னிந்தியாவைக் கடக்கிறது. தம் ஊர் அந்தப் பட்டைக்கு உள்ளேயா வெளியேயா என்று இரண்டு தளங்களையும் திறந்து மாணவர்களே கண்டறிவது சிறந்த பயிற்சியாக இருக்கும்.

விண்வெளிப் பயணங்கள் என்று வரும்போது, பெரும்பாலோர் முதலில் எண்ணுவது இஸ்ரோவின் தளத்தை. அதில் வியப்பில்லை. இஸ்ரோவின் தலைவர் பொறுப்பில் அமர்ந்த ஜி. மாதவன் நாயர், கே. சிவன், 2025 ஜனவரியில் பொறுப்பேற்ற வி. நாராயணன் ஆகிய மூவருமே இந்த மாவட்டத்தில் பிறந்தவர்கள். திரவ இயந்திரங்கள் சோதிக்கப்படும் மகேந்திரகிரி வளாகம் நெல்லை மாவட்டத்தில் இருந்தாலும் ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டினால் வந்துவிடும் தொலைவுதான். இருந்தாலும், கற்பவரின் கண்ணோடு பார்த்தால் இஸ்ரோ தளம் ஓர் ஆவணக் காப்பகம் போல இருக்கிறது. ஒவ்வொரு ஏவுதலுக்குமான கையேடு, எடை, சுற்றுப்பாதை விவரங்கள் நம்பகமாகக் கிடைக்கின்றன. அந்தச் சுற்றுப்பாதை ஏன் தேர்ந்தெடுக்கப்பட்டது என்ற விளக்கம் குறைவு. ஆங்கிலத்திலும் இந்தியிலும் உள்ள அளவுக்குத் தமிழில் இல்லாதது எனக்கு உண்மையான வருத்தம்.

நாசாவின் ‘ஐஸ்’ (Eyes) தளம் இந்தக் குறையை நிரப்புகிறது. சூரியக் குடும்பத்தையும் அதில் உலவும் விண்கலங்களையும் முப்பரிமாணத்தில் காட்டி, காலத்தை நாம் விரும்பியபடி ஓட்ட விடுகிறது. 1977இல் புறப்பட்ட வாயேஜர் கலங்கள் வியாழன், சனி ஆகியவற்றின் ஈர்ப்பால் வேகம் பெற்று வளைந்து போவதை அங்கே ஒருமுறை பார்த்தவருக்கு ஈர்ப்பு உதவி என்ற கருத்தைத் தனியே விளக்க வேண்டியதில்லை. நல்ல கணினியும் வேகமான இணைப்பும் கேட்பது மட்டுமே அதன் குறை.

இவ்விரண்டுக்கும் மேலே நான் வைப்பது மூலத் தரவுகளைத் திறந்து தரும் தளங்களை. 2019இல் சந்திரயான்-2இன் விக்ரம் தரையிறங்கு கலம் நிலவில் மோதிய பிறகு, நாசாவின் நிலவுச் சுற்றுகலன் எடுத்துப் பொதுவில் வெளியிட்ட படங்களை முந்தைய படங்களோடு ஒப்பிட்டுச் சிதைவின் தடயத்தை முதலில் அடையாளம் கண்டவர் சென்னைப் பொறியாளர் சண்முக சுப்பிரமணியன்; அந்த ஆண்டு டிசம்பரில் நாசா அதை உறுதி செய்தது. அதற்குத் தேவைப்பட்டது ஒரு கணினியும் தளராத கண்ணும்தான். இஸ்ரோவின் பிரதான் தளமும் சந்திரயான்-2 முதலிய பயணங்களின் தரவைப் பதிவு செய்துகொள்வோருக்கு இலவசமாகத் தருகிறது. பயன்படுத்தக் கற்றுக்கொள்ளச் சற்றுக் காலம் பிடிக்கும் என்பதால், பள்ளி மாணவருக்கு அல்ல, கல்லூரியில் இயற்பியலோ கணினியியலோ படிப்பவருக்கே அதைச் சொல்வேன்.

காணொளிப் பாடங்களில், ஆங்கிலம் தடையில்லாதவருக்கு பில் பிளெய்ட் நடத்திய 46 பகுதிகள் கொண்ட கிராஷ் கோர்ஸ் தொடர் விரைவாகப் பரந்த பார்வை தரும்; கான் அகாடமி மெதுவானது, ஆனால் கணக்கைப் படிப்படியாகக் கரும்பலகையில் எழுதிக் காட்டுவதால் மனத்தில் தங்குகிறது. தமிழில் எழுத்து வடிவில் விரிவாகக் கிடைப்பது தமிழ் விக்கிப்பீடியா. அதன் கட்டுரைகள் ஒரே தரத்தில் இல்லை. எந்தப் பக்கம் புதுப்பிக்கப்பட்டது என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு: 2025 மார்ச்சில் 128 புதிய நிலாக்கள் ஏற்கப்பட்டுச் சனியின் நிலாக்கள் 274 ஆயின, ஒரு பக்கம் இன்னும் 62 அல்லது 82 என்று சொன்னால், அதன் மற்ற எண்களையும் வேறு இடத்தில் சரிபார்த்துவிட்டே எடுத்தாள வேண்டும். அப்படிப்பட்ட பக்கத்தைத் திருத்தும் உரிமை படிக்கும் எவருக்கும் அங்கே இருக்கிறது. நம் மாவட்டத்து அறிவியல் ஆசிரியர்கள் அதைத் தம் வகுப்பின் வேலையாக எடுத்துக்கொள்ளலாம்.