கம்பிக்கூடையா, டேண்டம் டிராயரா? மாடுலர் கிச்சனின் கீழ் அலமாரிக்கு எதை வாங்கலாம்

மாடுலர் கிச்சன் கடைகளில் முதலில் கதவின் நிறத்தைத்தான் காட்டுவார்கள். ஆனால் அடுக்களை நன்றாக உழைக்குமா என்பது உள்ளே இருக்கும் கூடையையும், அது சறுக்கி வரும் தண்டவாளமான சேனலையும் பொறுத்தது.

கழுவிய பாத்திரத்துக்குக் கம்பிக்கூடையை மிஞ்ச ஒன்றுமில்லை. ஈரம் வடியும், காற்றும் உள்ளே போகும். டப்பாக்களுக்கு அது சரிப்படாது. சின்ன மசாலா டப்பா கம்பி இடுக்கில் சாய்ந்து நிற்கும். சிந்திய கடுகு அலமாரியின் அடியில் போய்ச் சேர்ந்து கரப்பானை வரவழைக்கும்.

கூடை வாங்கும்போது எஃகின் தரத்தைக் கட்டாயம் பாருங்கள். 202, 304 என இரண்டு ரகம் புழங்குகின்றன. 202-இல் நிக்கல் குறைவு, அதை மாங்கனீசு ஈடுகட்டுகிறது. உப்பும் புளித்தண்ணீரும் பட்டால், அதுவும் கடலோர ஊர்களில், வெல்டு வைத்த இடத்தில்தான் முதலில் துரு பிடிக்கும். காந்தம் ஒட்டவில்லை என்று காட்டி 304 என்பார்கள். அதை நம்பக் கூடாது, 202-லும் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. சோதனைத் திரவம் ஒரு சொட்டு விட்டு 9 வோல்ட் பேட்டரியை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 202 என்றால் சொட்டு சிவந்துவிடும்.

அடுத்து அளவு. சாதாரண டெலஸ்கோப்பிக் சேனல் பக்கத்துக்கு அரை அங்குலம் எடுத்துக்கொள்ளும். கூடையின் வெளி அகலம் 17 அங்குலம் என்றால் அலமாரியின் உள் அகலம் சரியாக 18 இருக்க வேண்டும். கால் அங்குலம் குறைந்தாலும் சேனல் இறுகி, உள்ளே உருளும் பேரிங் குண்டுகள் தேய்ந்து, சில மாதங்களில் கரகரவென்று சத்தம் போடும். கூடினால் கூடை ஆடும், ஒரு பக்கம் தொங்கும். அதனால் கூடையை வாங்கி வைத்துவிட்டு, அதை அளந்து அலமாரிப் பெட்டி அடிக்கச் சொல்வதே நல்லது.

டேண்டம் டிராயரில் சேனல் அடியில் மறைந்திருக்கும், டிராயர் முழுதாக வெளியே வரும். பின்வரிசை டப்பாவை எடுக்க முன்வரிசையை நகர்த்த வேண்டியதில்லை. பருப்பு, மசாலா, மாவு டப்பாக்களுக்கு இதுதான் சரி. குறை அடிப்பலகையில் இருக்கிறது. பல இடங்களில் பார்ட்டிகிள் போர்டு (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) போட்டுவிடுகிறார்கள். ஈரப் பாத்திரம் இரண்டு முறை வைத்தால் ஓரம் உப்பிவிடும். 16 மி.மீ. பி.டபிள்யூ.பி. (கொதிநீரும் தாங்கும்) ப்ளைவுட் என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

மேடை உயரம் 34 அங்குலம் என்றால் கல்லும் அடிக்கட்டையும் போகக் கீழே சுமார் 28 அங்குலம் கிடைக்கும். அதை 6, 8, 14 என்று பிரிப்பது நம் சமையலுக்குப் பொருந்தும்: மேலே கரண்டி, நடுவில் டப்பா, அடியில் குக்கரும் தட்டுக் கூடையும். மூன்றையும் சமமாகப் பிரித்தால் 12 அங்குலத் தட்டை நிறுத்தவே முடியாது.

எண்ணெய் பாட்டிலுக்கான குறுகிய புல்-அவுட் (வெளியே இழுக்கும் கூடை), ஒரு பக்கச் சேனலில் தொங்கினால் ஆடும்; அடியிலும் சேனல் உள்ளதை எடுங்கள்.

மூலைக்கான சுழலும் தட்டுகளுக்கு நிறையப் பணம் போகிறது. வட்டத் தட்டு சதுர மூலையில் நான்கு பக்கமும் இடத்தை வீணாக்கும். அங்கே சாதாரணப் பலகைத் தட்டு போட்டு, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் எடுக்கும் பெரிய குண்டான்களை வைத்தால் போதும். அந்தப் பணத்தைச் சேனலில் போடலாம். கேஸ் சிலிண்டரை அலமாரிக்குள் வைப்பவர்கள் கதவின் அடிப்பகுதியில் காற்றுத்துளை விடச் சொல்லுங்கள். கசியும் வாயு காற்றைவிடக் கனமானது, தரையோடுதான் தேங்கும்.