சீக் 2: பதிவு செய்வதில் கெட்டி, பாதுகாப்பில் ஓட்டை

ஆப்கானிஸ்தானில் அமெரிக்கப் படை பயன்படுத்திய கையடக்க பயோமெட்ரிக் கருவி இது. கைரேகை, முகம், இரண்டு கருவிழிகள் எல்லாவற்றையும் ஒரே கருவியில் எடுத்துவிடலாம். நெட்வொர்க் இல்லாத இடத்திலும், உள்ளே ஏற்றிவைத்த கண்காணிப்புப் பட்டியலோடு ஒப்பிட்டுக் காட்டும். களத்தில் அது பெரிய வசதிதான். ஆனால் ஆபத்து அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது.

ஜெர்மனியின் ஹேக்கர் அமைப்பான கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப்பின் ஆய்வாளர்கள் ஈபேயில் 68 டாலருக்கு வாங்கிய ஒரு சீக் 2வின் மெமரி கார்டில் 2,632 பேரின் பெயர், நாடு, படம், கைரேகை, கருவிழிப் பதிவு எல்லாம் குறியாக்கமே இல்லாமல் கிடந்தன. 2022 டிசம்பரில் செய்தி வெளியானது. கருவி கடைசியாகப் பயன்பட்டது 2012இல், காந்தஹார் அருகே. தேடப்பட்டவர்களோடு, அமெரிக்கர்களிடம் வேலை பார்த்தவர்களும் சோதனைச் சாவடியில் நிறுத்தப்பட்டவர்களும் அதில் இருந்ததாகத் தெரிந்தது. பெயரை மாற்றிக்கொண்டு ஊர்விட்டுப் போனாலும் விரல் காட்டிக்கொடுத்துவிடும். 2021இல் தாலிபான் ஆட்சியைப் பிடித்த பிறகு அங்கே அது உயிர்ப் பிரச்சினை.

இந்தப் பதிவுகளை நேச நாடுகளுக்குள் பகிரும்போது இன்னொரு குறை சேர்கிறது. பயோமெட்ரிக் தரவைப் பரிமாறும் தர வடிவமான அன்சி-நிஸ்ட் கோப்பில் ஒவ்வொரு வகைப் பதிவுக்கும் ஓர் எண் உண்டு: டைப் 2 ஆள் விவரம், டைப் 10 முகம், டைப் 14 கைரேகை, டைப் 17 கருவிழி. "இந்த ஆள் உங்கள் பட்டியலில் உண்டா?" என்று கேட்க டைப் 2வில் பெயரும் பிறந்த தேதியும் போகத் தேவையே இல்லை. ஐரோப்பாவின் 2005 ப்ரும் ஒப்பந்த முறை இதைவிட மேல்: கைரேகை பொருந்துகிறதா என்ற பதில் முதலில், பெயர் வேண்டுமானால் தனிக் கோரிக்கை. அது போலீஸ் ஏற்பாடுதான், என்றாலும் படைகளுக்கும் பொருந்தும்.

பதிவை ஹாஷ் செய்து, அதாவது திருப்பி எடுக்க முடியாத சுருக்கக் குறியீடாக மாற்றி, அனுப்பினால் போதாதா? போதாது. ஒரே கண்ணை இருமுறை எடுத்தாலும் கருவிழிப் படத்திலிருந்து உருவாக்கும் 2048 பிட் குறியீட்டில் பல பிட்கள் மாறியிருக்கும். ஒரு பிட் மாறினாலே ஹாஷ் முற்றிலும் வேறாகிவிடும். பூட்டிய தரவின் மீதே கணக்குப் போட விடும் ஹோமோமார்ஃபிக் குறியாக்கத்தில், பூட்டைத் திறக்காமலே மாறிய பிட்களை எண்ணலாம்; குறைவாக இருந்தால் ஒரே கண். தலை சாய்ந்த படங்களுக்காகக் குறியீட்டை நகர்த்தி நகர்த்தி ஒப்பிட வேண்டியிருப்பதால் கணக்கு பல மடங்காகும். ஆகவே அதை சர்வரில்தான் ஓட்ட வேண்டும்.

இந்த வகைக் கருவி வாங்குவோர் சேமிப்பகம் முழுக்கக் குறியாக்கம் இருக்கிறதா, அதைத் திறக்கும் சாவி கருவிக்கு வெளியே தனி அட்டையில் இருக்கிறதா, ரோந்து முடிந்ததும் பட்டியல் தானாக அழிகிறதா என்று பார்த்தே கையெழுத்திட வேண்டும். கழிக்கும்போது ஃபார்மட் செய்துவிட்டு நிம்மதியாக இருக்கக் கூடாது, ஃப்ளாஷ் நினைவகத்தில் பழைய தரவு தங்கும். கார்டைக் கழற்றித் தூளாக்கிய பிறகே கருவி கிடங்கைவிட்டு வெளியே போகட்டும்.