மவுஸ் கிளிக் விழவில்லையா: துடைப்பதா, சுவிட்சை மாற்றுவதா?

ரங்கூனில் மே தொடங்கி அக்டோபர் வரை மழை. அந்த ஈரத்தில் என் மவுஸின் இடது பட்டன் 10 தட்டுக்கு 4 தான் கேட்டது. திறக்குமுன் விண்டோஸ் செட்டிங்கில் இடது, வலது பட்டன்களை மாற்றிப் பார்த்தேன். வலது பட்டன் இடதின் வேலையை ஒழுங்காகச் செய்தது. ஆக, கோளாறு கம்ப்யூட்டரில் இல்லை. பட்டனுக்கு அடியிலுள்ள மைக்ரோ சுவிட்சில்.

அதற்குள் மெல்லிய உலோகத் தகடு ஒன்று வளைந்து தொடுமுனையில் மோதும். முனையில் கறை படிந்தாலும் கிளிக் தவறும், தகடு தளர்ந்தாலும் தவறும். 2 கோடி கிளிக் தாங்கும் என்று சொல்லி விற்கும் சுவிட்சுகள் உண்டு. ஈரத்துக்கு அந்தக் கணக்கு தெரியாது.

கறைக்குத் துடைப்பது போதும். கம்ப்யூட்டரிலிருந்து மவுஸைக் கழற்றித் திறந்து, தொடுமுனைக் கறையைப் போக்கும் திரவமான கான்டாக்ட் கிளீனரைச் சுவிட்சில் ஒரு சொட்டு விட்டு, 100 முறை தட்டி, நன்றாகக் காயவிட வேண்டும். எளிய வேலைதான், ஆனால் எனக்கு மூன்றே வாரம் நின்றது. ஒரு தட்டு இரண்டாக விழ ஆரம்பித்ததும் துடைப்பதை விட்டுவிட்டேன்.

சுவிட்சை மாற்றினால் நிலைக்கும். அடிப்புற ஸ்டிக்கரைப் பிய்த்தால் திருகாணி தெரியும். பிறகு மூன்று கால்களிலும் ஈயத்தை உருக்கி எடுக்க வேண்டும். பாதியில் கரண்ட் போகும், இந்த ஊரில் அதையும் கணக்கில் வையுங்கள். புது சுவிட்ச் தேடி அலையவும் வேண்டாம். பல மவுஸ்களில் இரண்டு பக்கமும் ஒரே வகைதான், வலதுக்கு உழைப்பும் குறைவு. நான் இரண்டையும் இடம் மாற்றிச் சால்டரிங் செய்துவிட்டேன்.