கட்டிங் டேபிள்ல இருந்தே பாட்ட மாத்திடுறேன், சத்தத்தக் கொறைக்கத்தான் முடியல

பர்மாவுலயே மோல்மீன் ஊர்ல பேக்கரி வச்சிருக்க தம்பி ஒருத்தன் நேத்து போன் போட்டு "அக்கா, உங்க கடைல போன வச்சே கம்ப்யூட்டர்ல பாட்டு மாத்துவீங்களே, அத நம்ம பேக்கரிக்கும் போட்டுக்கலாமா"ன்னு கேட்டான். போன்ல சொல்ல ஆரம்பிச்சேன், சொல்லி முடியல. மூணு வருஷமா தெனம் கையில பொழங்குற விஷயம், அதான் உக்காந்து எழுதிட்டேன்.

என் தையல் கடை ரங்கூன்ல, அனோரத்தா ரோட்டு காளி கோயிலுக்குப் பக்கத்துத் தெருல. இங்க உள்ள கடையெல்லாம் எப்படின்னு தெரியும்ல, அகலம் கம்மி, உள்ள ரயில் பொட்டி மாதிரி நீளமா போகும். வாசல்ல கவுன்ட்டர், அதுல கம்ப்யூட்டரும் ரெண்டு ஸ்பீக்கரும், நடுவுல நாலு மெஷின், கடைசில என்னோட கட்டிங் டேபிள். அப்பா கேசட்ல சேத்து வச்ச டி.எம்.எஸ், சீர்காழி, நாகூர் ஹனிபா எல்லாத்தையும் எம்பி3யா மாத்தி அந்தக் கம்ப்யூட்டர்லதான் வச்சிருக்கேன். முன்னாடியெல்லாம் ஒரு பாட்டு மாத்தணும்னா கத்திரிய வச்சிட்டு, மெஷினுக்கு நடுவுல ஒதுங்கி ஒதுங்கி வாசல் வரைக்கும் போகணும், திரும்பி வர்றதுக்குள்ள துணி நகந்திருக்கும், போட்ட கோடு கோணலாயிருக்கும்.

போட்டிருக்கறது ஃபூபார்2000. 2002ல இருந்து வர்ற பிளேயர், காசு கெடையாது. அதுக்கு மேல பீஃப்வெப்னு ஒரு சின்ன துணைக்கருவி ஏத்தணும். ஏத்திட்டா போன்ல தனியா ஆப்பே வேணாம், பிரவுசர்ல கம்ப்யூட்டரோட ஐபி நம்பரையும் (கடை வைஃபைல அதுக்குன்னு இருக்க முகவரி), ஒரு : போட்டு 8880ன்னு போர்ட் நம்பரையும் அடிச்சா பாட்டு லிஸ்ட் அப்படியே வந்து நிக்கும். ஃபூபார்ல பீஃப்வெப் செட்டிங்ல வெளி கனெக்‌ஷன அனுமதிக்கறதுக்கு ஒரு டிக் இருக்கு அத வச்சிருங்க, பாட்டு இருக்க ஃபோல்டரயும் அங்கயே சேக்கணும் இல்லன்னா போன்ல ஃபைல் பக்கம் காலியா கெடக்கும், யூசர்நேம் பாஸ்வேர்டும் போட்டுக்குங்க ஏன்னா கடை வைஃபைய கஸ்டமரும் கேப்பாங்க. விண்டோஸ் ஃபயர்வால் கேட்டுச்சுன்னா பிரைவேட் நெட்வொர்க்குக்கு மட்டும் அனுமதி குடுங்க. அவ்ளோதான் வேல.

எனக்கு இதுல ரொம்பப் புடிச்சது, இதுக்கு இன்டர்நெட்டே வேணாம். போனுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவுல ரவுட்டர் உயிரோட இருந்தா போதும். கரண்ட் கொஞ்ச நேரம் இருக்கு, கொஞ்ச நேரம் இல்லன்னு ஓடுற ஊர் இது, லைன் எப்ப வரும் எப்ப போகும்னு யாருக்கும் தெரியாது. கம்ப்யூட்டர் இன்வெர்ட்டர்ல, ரவுட்டர் ஒரு சின்ன யுபிஎஸ்ல, ரெண்டும் ஓடுற வரைக்கும் பாட்டு நிக்காது. தெருவே இருட்டா கெடக்கும்போது, மெஷினெல்லாம் நின்னு போயி பொண்ணுங்க கையில கொக்கி தச்சிட்டு உக்காந்திருக்கப்ப, நான் பின்னாடி இருந்தே சீர்காழிய மாத்தி விடுவேன், அந்த நேரத்துல கடை எவ்ளோ அழகா இருக்கும் தெரியுமா! அதுக்காகவே இந்த புரோகிராம எழுதினவருக்கு மனசார நன்றி சொல்லணும்.

ரவுட்டர் அணைஞ்சு வந்தா கம்ப்யூட்டரோட ஐபி மாறிடும், போன் தேடிட்டே நிக்கும், ஆரம்பத்துல ஒரு மாசம் அதோட மல்லுக்கட்டினேன். ரவுட்டர் செட்டிங்ல அந்தக் கம்ப்யூட்டருக்கு ஒரே நம்பர்னு கட்டிப் போட்டதுக்கப்புறம் அந்தத் தொல்ல இல்ல.

தீராம இருக்கறது சத்தம்தான்.

போன் பக்கவாட்டுல இருக்க பட்டன அமுக்குனா போனோட சத்தம்தான் கொறையும், கம்ப்யூட்டர் பாட்டுக்கு அலறிட்டு இருக்கும். கை தன்னால அந்தப் பட்டனுக்குத்தான் போகுது, மூணு வருஷமாகியும் போகுது. போன்லயே பாட்டு ஓடிட்டு இருந்தா கால் வந்தா தானா நின்னுரும், இங்க கால் வந்தாலும் நிக்காது, ஒரு காதுல போன வச்சிக்கிட்டு ஸ்கிரீன விட்டு வெளிய வந்து பிரவுசரத் தேடணும். சரி, பிரவுசருக்கே போயிட்டோம்னு வைங்க, அங்க சத்தத்துக்கு ஒரு கோடு இருக்கு, ஃபூபார் சத்தத்த டெசிபல்ல கணக்குப் பண்ணுது, 0ன்னா முழு சத்தம், -100ன்னா ஒண்ணுமில்ல. காதுக்கு 10 டெசிபல் கொறஞ்சாலே பாதியா கொறஞ்ச மாதிரி இருக்கும். அப்ப கடைக்கு வேண்டிய சத்தம் முழுக்க 0ல இருந்து -30க்குள்ளயே முடிஞ்சு போகுது. நான் போட்ட வெர்ஷன்ல அது போன் ஸ்கிரீன்ல ஒரு விரக்கட கூட வராது. சாக்பீஸ் பொடி ஒட்டுன வெரலால அதுல நிதானமா இழுக்க முடியுமா சொல்லுங்க.

போன தீபாவளிக்கு முந்துன வாரம். ஒரு அம்மா பையோட உள்ள வந்து கவுன்ட்டர்லயே நின்னுட்டாங்க. பைக்குள்ள நாங்க தச்சுக் குடுத்த ரவிக்கை, மடிப்பு கூடக் கலையல. "பொண்ணு போயிட்டாம்மா"ன்னாங்க. எனக்கு முதல்ல காதுலயே விழல, பாட்டு அவ்ளோ சத்தம், தீபாவளி வேலைன்னு பொண்ணுங்க கேட்டு நான்தான் ஏத்தி வச்சிருந்தேன். ஓடி வந்துக்கிட்டே போன எடுத்து பக்கவாட்டு பட்டன அமுக்குறேன், ஒண்ணும் ஆகல, ஸ்கிரீன் லாக்க எடுக்குறேன், பேஜ் முந்துன பாட்டையே காட்டிட்டு நிக்குது, கோட்ட இழுத்தேன், வெரல் வழுக்கி 0க்குப் போயிருச்சு. அந்த அம்மா முன்னாடி கடையே அதிர்ற மாதிரி அலறுச்சு. கடைசில ஸ்பீக்கர் பிளக்கத்தான் புடுங்குனேன். அவங்க கையப் புடிச்சு உக்கார வச்சு தண்ணி குடுத்தேன், ஆனா அந்த அரை நிமிஷம் இன்னும் எனக்கு நெஞ்சுல முள்ளாதான் இருக்கு.

அப்புறம் ரெண்டு காரியம் செஞ்சேன். ஒண்ணு, கோட்டுல 0 வச்சு ஓட விட்டு, அந்த சத்தம் கடைக்கு அதிகபட்சமா எவ்ளோ போதுமோ அவ்ளோ இருக்கற மாதிரி ஸ்பீக்கர்ல இருக்க வால்யூம் திருகிய இறக்கி அங்கயே டேப் ஒட்டிட்டேன், இனி வெரல் எங்க வழுக்குனாலும் அதுக்கு மேல ஏறாது. ரெண்டாவது, ஃபூபார்லயே ரீப்ளேகெய்ன்னு பாட்டுங்களோட சத்தத்த அளந்து சமமாக்குற ஸ்கேன் போட்டேன், கேசட்ல இருந்து வந்தது ஒவ்வொண்ணும் ஒவ்வொரு சத்தத்துல இருக்கும், ஸ்கேன் முடிஞ்சதும் எல்லாம் ஒரே மட்டத்துக்கு வந்துச்சு, கோட்டத் தொட வேண்டிய அவசியமே பாதி கொறஞ்சுது. இத மொத நாளே செஞ்சிருக்கணும். பக்கவாட்டு பட்டன் வேல செய்யும்னு சொல்லி வேற ஒரு ஆப்பும் போட்டுப் பாத்தேன், என் போன்ல ஸ்கிரீன் அணைஞ்சா அதுவும் செத்துரும், எடுத்துட்டேன்.

தம்பி, இவ்ளோ நல்லது சொல்லிட்டு இப்படிச் சொல்றாளேன்னு நெனைக்காத, உன் பேக்கரிக்கு இது வேணாம். வீட்டுக்குன்னா கண்ண மூடிட்டுப் போடு, காசில்லாம இந்த மாதிரி ஒண்ணு கெடைக்காது. ஆனா ஆளுங்க வந்து போற எடத்துல, மாவுக் கையோட நிக்கற எடத்துல, சத்தத்த ஒரே தட்டுல அடக்க முடியாத எதையும் வைக்காத. வயர்லயே வால்யூம் திருகி இருக்கற ஸ்பீக்கரா பாத்து வாங்கு, அந்தத் திருகிய மாவு பெசையற மேசை ஓரத்துல ஆணியடிச்சு மாட்டு. நானும் வர்ற சம்பளத் தேதிக்கு அந்த மாதிரி ஒண்ணுதான் வாங்கப் போறேன், பாட்டு மாத்தறதுக்கு மட்டும் போன வச்சுக்குவேன்.