ஷேர்பாயிண்ட் வெப் பார்ட்டுக்கு ஸ்டைல் எழுதிய நான்கு வருடம்

அலுவலக இன்ட்ராநெட்டுக்காக ஷேர்பாயிண்ட் ஃபிரேம்வொர்க்கில் (மைக்ரோசாஃப்டின் ஷேர்பாயிண்ட் தளத்துக்கு நாமே பாகங்கள் எழுத உதவும் கருவி) வெப் பார்ட், அதாவது பக்கத்தில் பொருத்தும் சிறு பகுதி, எழுத ஆரம்பித்து நான்கு வருடம் ஆகிறது. அறிவிப்புப் பலகை, விடுப்பு இருப்பு, பிறந்தநாள் பட்டியல் என்று பதினைந்துக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கின்றன. லாஜிக்கைவிட, தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ்தான் என் நாட்களை அதிகம் தின்றது.

வெப் பார்ட்டின் வாழ்க்கை ஒண்டுக்குடித்தனம். பக்கம் நம்முடையது இல்லை. பக்கத்திலேயே வேறொருவர் எழுதியதும் இருக்கும். அதற்குத்தான் சிஎஸ்எஸ் மாட்யூல். நிரலைத் தொகுக்கும் பில்டு ஓடும்போது ஒவ்வொரு கிளாஸ் (ஸ்டைலுக்கு நாம் வைக்கும் பெயர்) பெயரோடும் ஒரு தனிக்குறி ஒட்டிக்கொள்வதால், நானும் இன்னொருவரும் 'கார்ட்' என்றே பெயர் வைத்தாலும் மோதாது. நடுவில் கோடு போட்ட கிளாஸ் பெயருக்கு, அது கேமல்கேஸில் (cardTitle போலக் கோடில்லாமல் சேர்த்து எழுதும் முறை) இல்லை என்று மஞ்சள் எச்சரிக்கை வரும். தயவுசெய்து அதை அலட்சியப்படுத்தாதீர்கள். கேமல்கேஸில் இருந்தால், எழுத்துப்பிழையை, நாம் நிரல் எழுதும் மொழியான டைப்ஸ்கிரிப்ட் அங்கேயே பிடித்துவிடும்.

என்னை ரொம்பவே அலைக்கழித்தது தீம் டோக்கன், அதாவது தளத்தின் நிறத் தொகுப்பான தீமிலிருந்து ஒரு நிறத்தைக் கேட்கும் குறிச்சொல். தீமின் முதன்மை நிறத்தைக் கேட்டு, அது கிடைக்காவிட்டால் இந்த நீலம் என்று ஒரே வரியில் எழுதுவோம். ஒரு முறை டோக்கன் பெயரில் ஓர் எழுத்தை விட்டுவிட்டேன். பில்டு சுத்தமாக முடிந்தது, சோதனைத் தளத்தில் பட்டன் நீலமாக அழகாக இருந்தது. அந்தத் தளத்தின் தீமும் நீலம் என்பதால் எனக்கு உறைக்கவில்லை. பச்சைத் தீம் வைத்த மனிதவளத் துறையின் தளத்தில் ஏற்றிய பிறகுதான், பச்சைப் பக்கத்தில் ஒற்றை நீலப் பட்டன் தனியாக நின்றது. அன்றிலிருந்து, வேலை முடியும்வரை மாற்று நிறமாகக் கண்ணைக் குத்தும் ரோஜா நிறத்தைத்தான் வைக்கிறேன். ரோஜா தெரிந்தால் டோக்கன் தவறு. வெளியிடும் முன் சரியான நிறத்துக்கு மாற்றிவிடுவேன்.

டோக்கனுக்குத் தளத்தின் தீம் தெரியும், பக்கத்தின் ஒரு பகுதியான செக்ஷனின் பின்னணி தெரியாது. யாராவது அடர் நிறப் பின்னணி தேர்ந்தெடுத்தால் நம் கறுப்பு எழுத்து அதில் கரைந்துபோகும். வெப் பார்ட்டின் விவரக் கோப்பான மேனிஃபெஸ்டில் தீம் வேரியண்ட் (பின்னணிக்கேற்ற நிறத் தொகுப்பு) ஆதரவை இயக்கி, தீம் மாறும்போது வரும் நிறங்களை சிஎஸ்எஸ் வேரியபிளாக வாங்கிக்கொண்டால் சரியாகிவிடும். புதிதாக எழுதும் எதற்கும் இதைத்தான் செய்கிறேன்.

அப்புறம், அகலம். அகலத்துக்கேற்ப ஸ்டைலை மாற்றும் மீடியா குவெரி திரையைத்தான் அளக்கும். பெரிய திரையில், மூன்றில் ஒரு பங்கு இடத்தில் வெப் பார்ட்டை வைத்தால், அது தனக்கு இடம் நிறைய இருப்பதாக நினைத்து மூன்று அட்டைகளை நெருக்கியடித்து வரிசையாக வைக்கும். திரைக்குப் பதில் வெப் பார்ட் இருக்கும் இடத்தையே அளக்கும் கண்டெய்னர் குவெரி வந்ததும் இந்தத் தலைவலி தீர்ந்தது. 2023 பிப்ரவரியில் ஃபயர்ஃபாக்ஸ் 110-லும் வந்துவிட்டதால், தயங்காமல் எல்லாவற்றையும் அதற்கு மாற்றினேன். நான்கு வருடத்தில் எனக்கு அதிக நிம்மதி தந்த மாற்றம் இதுதான்.

பக்கத்தின் சொந்த கிளாஸ்களைப் பிடித்து ஸ்டைல் செய்வது மட்டும் வேண்டாம். அவை எப்போது வேண்டுமானாலும் மாறும் என்று மைக்ரோசாஃப்ட் ஆவணத்திலேயே எச்சரித்திருக்கிறார்கள். நான் படித்துவிட்டும் செய்தேன். என் முதல் வெப் பார்ட்டில் தலைப்பின் இடைவெளியைக் குறைக்க பக்கம் முழுக்கச் செல்லும் ஒரு குளோபல் வரி எழுதினேன். அந்தப் பக்கத்தில் இருக்கும் மற்ற வெப் பார்ட்களுக்கும் அது பாய்ந்தது. அந்த இடைவெளியை நம்பியே பிறகு இன்னும் இரண்டை வடிவமைத்துவிட்டோம். இன்றும் அந்த வரி அங்கேதான் இருக்கிறது. அந்த இரண்டையும் திருத்தி முடித்த பிறகுதான் அதில் கைவைக்க முடியும்.