எண் போடுவதா, பெயரும் ஆண்டும் போடுவதா?

ராமநாதபுரம் கடற்கரைப் பிள்ளைகளின் ப்ராஜெக்ட் அறிக்கைகளை வருடா வருடம் படிக்கிறேன். பாசி எடுக்கும் பெண்கள், பாம்பன் பாலம், மன்னார் வளைகுடா என்று நல்ல நல்ல தலைப்புகளாக எடுக்கிறார்கள். தகவல் எங்கிருந்து வந்தது என்று காட்டும் இடத்தில்தான் தடுமாறுகிறார்கள்.

பழக்கத்தில் இருப்பவை முக்கியமாக இரண்டு முறைகள். வரி முடிவில் [4] என்று எண் போட்டு, கடைசிப் பட்டியலில் விவரம் தருவது ஒன்று. ஐ.ட்ரிபிள்.ஈ., வான்கூவர் முறைகள் இந்த வகை. எழுதியவர் பெயரையும் ஆண்டையும் வரியிலேயே அடைப்புக்குறிக்குள் போடுவது இன்னொன்று. ஏ.பி.ஏ. முறை அப்படி.

எண் முறை படிக்கச் சுலபம். ஒரே வரிக்கு ஐந்து கட்டுரைகளைக் காட்டினாலும் இடத்தை அடைக்காது. பொறியியலிலும் மருத்துவத்திலும் இது பரவலாக இருப்பதில் நியாயம் உண்டு. கையால் எண் போட்டால் மட்டும் தொல்லை: நடுவில் ஒன்றைச் சேர்த்ததும் பின்னால் உள்ள எண்கள் எல்லாம் மாறும். இலவசமாகக் கிடைக்கும் ஜோட்டெரோ என்ற மேற்கோள் மென்பொருள் இதைத் தானே சரிசெய்துவிடும்.

ஆனாலும் நம் கடற்கரையைப் பற்றி எழுதுகிறவர்களுக்குப் பெயர்–ஆண்டு முறையைத்தான் சொல்வேன். மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா 1986-இல் அறிவிக்கப்பட்டபோது அதில் 21 தீவுகள். அப்புறம் இரண்டு தீவுகள் கடலில் மூழ்கிவிட்டன. ‘21 தீவுகள் உள்ளன [4]’ என்று ஒரு மாணவி எழுதினால், அது எந்தக் காலத்துக் கணக்கு என்று அறியக் கடைசிப் பக்கத்துக்குப் போக வேண்டும். பக்கத்திலேயே ஆண்டு இருந்தால் பழைய கணக்கு என்பது உடனே தெரிந்துவிடும், எழுதும் அவளுக்கும்தான்.

பெயர் விஷயத்தில் இந்த முறைக்கு ஒரு சங்கடம் உண்டு. நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, முதலெழுத்து அப்பாவின் பெயர். மென்பொருள் சில நேரம் அப்பா பெயரையே ஆசிரியராக்கிவிடும். பட்டியலை ஒருமுறை கண்ணால் சரிபார்த்தே ஆக வேண்டும்.

நேரில் கேட்டதை என்ன செய்வது? கஞ்சிப்பாசி எந்த மாதம் நன்றாக வரும் என்று பாசி எடுக்கும் அக்கா ஒருவர் சொன்னார் என்றால், அதுவும் அவருடைய அறிவுதான். ஏ.பி.ஏ. முறையில், பேச்சில் கேட்ட தகவலுக்குச் சொன்னவர் பெயரும் தேதியும் வரியிலேயே வரும், பட்டியலில் வராது. பெயர் போட அவரிடம் சம்மதம் கேட்டுவிடுங்கள். ஆய்வுக்காக முறைப்படி எடுத்த பேட்டி என்றால் பெயரை மறைத்து, ‘பங்கேற்பாளர் 3’ என்பது போல எழுதலாம். புத்தகத்துக்கு மேற்கோள் காட்டிவிட்டு அந்த அக்காவை விட்டுவிடுவது எனக்கு மனம் ஒப்பாத காரியம்.

எந்த முறையை எடுத்தாலும், நாலு சொல்லை மாற்றிப் போட்டு மேற்கோள் காட்டாமல் விட்டால் அது திருட்டுதான். ஆங்கிலக் கட்டுரையைத் தமிழாக்கி நம்முடையதாகத் தருவதும் அப்படியே, திருட்டைக் கண்டுபிடிக்கும் மென்பொருளில் சிக்காவிட்டாலும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிப்படி, ஆய்வேடுகளில் பிறர் எழுத்தோடு ஒற்றுமை 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. 40 வரை போனால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும், 60 வரை போனால் ஓராண்டுக்குத் திருத்திய பிரதியைத் தர முடியாது, அதற்கும் மேலே போனால் பதிவே ரத்து. 10-க்குள் வந்துவிட்டோம் என்று நிம்மதியாகிவிடாதீர்கள். மேற்கோள் இல்லாமல் எடுத்த ஒரு பத்தி அந்தப் பத்துக்குள்ளேயே ஒளிந்திருக்கும்.

குறிப்பெடுக்கும்போதே புத்தகத்தின் வரியை இரட்டை மேற்கோளுக்குள் எழுதி, பக்க எண்ணையும் போட்டுவிடுங்கள். மூன்று மாதம் கழித்து நோட்டைத் திறந்தால் எது உங்கள் வரி, எது புத்தகத்தின் வரி என்று உங்களுக்கே தெரியாது.